மண்மட்டம் வரை தார்

கன்னிக்காலுக்குத் தார் பூசியது நான். இந்த ஒரு வசனத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பத்து மாதம் எடுத்தது. அந்தப் பத்து மாதமும் அது என் கொப்பியில் எழுதியபடியே கிடந்தது. என் கொப்பிகளை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவற்றில் மழையும் வெயிலும் கிணற்றுத் தண்ணீரும்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

குளத்து நீர்மட்டம் பதிவது என் வேலை. காலையில் மட்டப்பலகையில் தண்ணீர் நிற்கும் கோட்டைப் பார்த்து எழுத வேண்டும். மழைமானியில் சேர்ந்ததை அளந்து எழுத வேண்டும். வேலையில் வந்த பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது; வீட்டு முற்றத்திலும் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். எந்த மாமரம் எந்தக் கிழமை பூத்தது, யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்றெல்லாம் எழுதி வைப்பேன். வாசல் ஓரத்தில் காயும் விறகைக்கூட நீள வாரியாக அடுக்காவிட்டால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லவில்லை. என் ஒழுங்குதான் அந்தத் தடியைக் கொன்றது.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு முன் பெண் வீட்டு வளவில் முள்முருக்கந் தடி ஒன்றை ஊன்றுவார்கள். ஆறடி நீளத்தில், கையளவு பருமனில் ஒரு கிளை. வேர் இல்லை, இலை இல்லை. குழியில் நவதானியமும் காசும் போட்டு, தடிக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி நிறுத்துவார்கள். அதுதான் கன்னிக்கால். கலியாணம் முடிந்ததும் பந்தல் கழன்று போகும், வாழைகளை வெட்டி எறிவார்கள், இந்தத் தடி மட்டும் நிற்கும். அது வேர்விட்டு மரமாக வேண்டும். வந்தால் அந்தக் குடும்பமும் தழைக்கும் என்பது பேச்சு. வராவிட்டால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு ஒரே தங்கை. அவளுடைய கலியாணத்துக்கும் இப்படி ஒரு தடி நட்டோம். மூன்றாம் மாதம் அதைக் கறையான் தின்றுவிட்டது. நாலாம் வருடம் அவள் புருசன் வாழைச்சேனையிலிருந்து திரும்பி வரும்போது வீதி விபத்தில் போய்விட்டான். செத்த வீட்டில் பெண்கள் தடியையும் சாவையும் சேர்த்துக் கதைத்தார்கள். நான் கோபப்பட்டேன். கறையானுக்குக் கலியாணம் தெரியுமா, கருமாதி தெரியுமா என்று கேட்டேன். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கைக்குப் பிள்ளை இல்லை. என் மகள் பிறந்தபின் மனைவிக்கு நெடுநாள் சுகமில்லாமல் இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டியதும், சோறு தீத்தியதும், முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனதும் தங்கைதான். புருசன் போன பிறகு அவள் பூக்கன்று விற்கத் தொடங்கினாள். தன்னாமுனை தாண்டி ஏறாவூருக்குப் போகும் பெருந்தெருவில், அவள் வளவின் முன்பக்கம் முழுவதும் கறுப்புப் பொலித்தீன் பைகள். ரோசா, செவ்வரத்தை, நந்தியாவட்டை, போகன்விலா. விதை போட்டு வருவது அதில் ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் தடி வெட்டி நட்டு வேர்விட வைத்தவை. அவள் கை வைத்தால் விளக்குமாற்றுக் கட்டையும் துளிர்க்கும் என்று ஏறாவூரிலிருந்து கன்று எடுக்க வரும் வியாபாரி ஒருவர் சொல்வார். அவர் அதைச் சொல்லிச் சொல்லியே விலையைக் குறைப்பார்.

மகளின் கலியாணத்துக்கு முருக்கந் தடியையும் தங்கைதான் வெட்டித் தந்தாள். தன் வேலியில் உயிர்த்தடியாக நிற்கும் கதியால்களில் நல்லதாக ஒன்றைப் பார்த்து, அடியைச் சாய்வாக வெட்டி, நிழலில் ஐந்து நாள் கிடத்தியிருந்தாள். வெட்டுவாய் காய்ந்தால்தான் மண்ணுக்குள் போய் அழுகாது என்று எனக்கு விளக்கினாள். அப்படியே ஊன்றுங்கள் என்றாள்.

கன்னிக்கால் ஊன்றுவதற்கு முதல்நாள் பின்னேரம் நான் பந்தற்கால்களுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தேன். பந்தல் பத்து நாளில் கழற்றுவதுதான், அதற்குத் தார் தேவையில்லை. ஆனால் நிலத்துக்குள் போகும் மரம் எதுவானாலும் அடியில் தார் பூசுவது எங்கள் வேலையிடத்து வழக்கம். எனக்கு அது கையோடு வந்துவிட்ட ஒன்று. பதினாறு கால்களையும் முடித்தேன். தகரத்தின் அடியில் நாலு விரல் தார் மிச்சம் இருந்தது. சுவரில் சாய்த்துவைத்த முருக்கந் தடி கண்ணில் பட்டது. தங்கையின் கன்னிக்கால் நினைவுக்கு வந்தது. கறையான் புற்று ஏறி, தொட்டதும் பொடியாய் உதிர்ந்த தடி. அவளுக்கு நடந்தது என் மகளுக்கு நடக்கக் கூடாது என்று நினைத்தேன். நம்பிக்கை இல்லாதவன் நினைத்தது அது.

உயிருள்ள கதியாலுக்கு யாரும் தார் பூசுவதில்லை. வேலி கட்டும் எந்த மனிதனுக்கும் தெரிந்தது எனக்கும் தெரியும். செத்த தூணுக்குத்தான் தார். ஆனால் பூக்கட்டி மஞ்சள் பூசி ஐயர் வந்து மந்திரம் சொல்ல ஊன்றப் போகும் அந்தத் தடியை நான் அந்த நேரத்தில் கதியாலாகப் பார்க்கவில்லை. கெட்டுப் போகாமல் காக்க வேண்டிய சாமானாகப் பார்த்தேன். குழி இரண்டு அடி என்று எனக்குத் தெரியும், நான்தான் அலவாங்கால் தோண்டினேன். அளவு நாடாவைப் பிடித்து இரண்டு அடியில் பென்சிலால் கோடு போட்டேன். அந்தக் கோடு வரை சுற்றிவர, வெட்டுவாய் உட்பட, இடைவெளி விடாமல் பூசினேன். கையில் ஒட்டாமலிருக்க மணலில் உருட்டினேன். பார்க்கச் சேறு பட்ட தடிபோல் இருந்தது. அன்றைய கொப்பியில் எழுதினேன்: கன்னிக்கால், முள்முருக்கு, ஆறடி. அடி இரண்டு அடிக்குத் தார், மண்மட்டம் வரை.

ஒழுங்கில்லாத ஒருவன் பூசியிருந்தால் எங்காவது இரண்டு விரல் இடம் விட்டுப் போயிருக்கும். அந்த இரண்டு விரலில் வேர் வந்திருக்கும்.

மறுநாள் மனைவியின் தமையன் தடியைக் குழியில் இறக்கினார். ஐந்து சுமங்கலிப் பெண்கள் பாலும் தண்ணீரும் வார்த்தார்கள். தங்கை அந்த இடத்துக்கு வரவில்லை. குசினியின் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் அங்கே நிற்கச் சொல்லவில்லை. அவளாகவே நின்றாள். விதவைகள் இப்படி இடம் பார்த்து நிற்பதை நான் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். என் வீட்டில் கண்டதை நான் கொப்பியில் எழுதவில்லை.

கலியாணம் வைகாசிக் கடைசியில். வெயில் கொளுத்துகிற காலம். மகளும் மருமகனும் விருந்துகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். மருமகனுக்குப் பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை, லீவு குறைவு. வீடு மகளுக்கு எழுதிக் கொடுத்தது என்பதால் நானும் மனைவியும் பின்பக்கத்து அறைக்கு மாறினோம். இந்த அமளியில் தடிக்குத் தண்ணீர் விடுவது யார் என்ற கேள்வி வந்தது. மகள் யோசிக்கவே இல்லை, தங்கையைத்தான் காட்டினாள்.

"மாமி ஊத்தட்டும். மாமிட கைக்குத்தான் வேர் வரும்."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டதை நான் பார்த்தேன். தங்கையும் உடனே சம்மதிக்கவில்லை. மகள் வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அதன்பிறகு தினமும் காலையில் கடை திறக்குமுன் தங்கை சைக்கிளில் வந்து, கிணற்றில் அள்ளி, ஒரு வாளி தண்ணீரைத் தடியைச் சுற்றி மெதுவாக ஊற்றிவிட்டுப் போவாள். தேத்தண்ணி குடிக்கச் சொன்னால் சில நாள் குடிப்பாள்.

பன்னிரண்டாம் நாள் துளிர் வந்தது. தடியின் மேல்முனைக்குக் கீழே இரண்டு இடத்தில் பச்சை. இருபதாம் நாள் மூன்று மூன்றாகப் பிரிந்த இலைகள். மனைவி போட்டோ எடுத்து வாழைச்சேனையிலிருக்கும் சம்பந்திக்கு அனுப்பினாள். அங்கிருந்து கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். மருமகன், தான் வந்த ராசி என்றான். மகள், மாமி வந்த ராசி என்றாள். நான் தினமும் இலை எண்ணி எழுதினேன். இருபத்தெட்டாம் நாள் இருபத்து மூன்று இலை.

தங்கை மட்டும் சந்தோசப்படவில்லை. ஒருநாள் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தடியை இரண்டு விரலால் பிடித்து இலேசாக அசைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இலையைக் கண்டு ஏமாறக் கூடா அண்ணன். தடி தனக்குள்ள இருக்கிற சாப்பாட்டைத் திண்டு இலை விடும். வேர் வந்தாத்தான் கன்று. இது இன்னும் பிடிக்கல்ல."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். வேர் விட்ட தடியை ஆட்டினால் மண் அதைத் திருப்பி இழுக்கும், இது சும்மா ஆடுகிறது என்றாள். கணுவுக்குக் கீழே, வெட்டுவாய் ஓரத்தில், முதலில் வெள்ளையாக ஒரு தடிப்பு வரும், பால் கட்டினமாதிரி, அதற்குப் பிறகுதான் வேர் வெளியே வரும், அதற்கு ஈரமும் வேணும் காற்றும் வேணும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. தார்.

அன்று மகளின் பழைய விஞ்ஞானப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். இடம்மாறிப் பிறந்த வேர் என்று ஒரு பகுதி. தண்டுக்குள் வளர்ச்சி முடிந்து சும்மா இருக்கும் உயிர்க்கலங்கள், வெட்டுப் பட்டதும், ஈரமும் ஒட்சிசனும் கிடைத்தால், மறுபடி பிரியத் தொடங்கி வேராகும் என்று இருந்தது. தங்கை சொன்னது அதைவிடத் தெளிவு. புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தேன். அப்போதே தடியைப் பிடுங்கி, அடியை வெட்டி, வேறு இடத்தில் நட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். தடியில் பச்சை இருந்தது. ஆனால் ஏன் பிடுங்கினாய் என்று கேட்பார்கள். தார் பூசியதைச் சொல்ல வேண்டும். ஏன் பூசினாய் என்று கேட்பார்கள். என் மகள் உன்னைப் போல் ஆகிவிடுவாளோ என்று பயந்து பூசினேன் என்று தங்கைக்கு முன்னால் சொல்ல வேண்டும். நான் பிடுங்கவில்லை. தங்கை தினமும் வந்து தண்ணீர் ஊற்றினாள்.

முப்பத்தொன்பதாம் நாள் இலை மஞ்சளித்தது. ஐம்பதாம் நாள் தடி நகத்தால் கீறினாலும் பச்சை காட்டவில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள் காலையில் சம்பந்தியம்மா வந்தா. மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி கேட்டு, பலகாரம் எடுத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு படலையைத் திறந்தவ, தடியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றா. கெட்ட மனுசி இல்லை அவ. பயந்த மனுசி. பேரப்பிள்ளை வரப்போகிற நேரத்தில் காய்ந்த கன்னிக்காலைப் பார்த்த பயம் அவவுடைய முகத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கை வாளியோடு கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். காய்ந்த பிறகும் ஊற்றுவதை அவள் நிறுத்தவில்லை.

"ஆர் இதுக்குத் தண்ணி ஊத்துறது?" என்று சம்பந்தியம்மா கேட்டா.

பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. சம்பந்தியம்மா வாளியைப் பார்த்தா, தங்கையின் வெறும் நெற்றியைப் பார்த்தா.

"குறை நினையாதீங்க தங்கச்சி. உங்களில எனக்குக் கோபம் இல்ல. ஆனா இதெல்லாம் பார்த்துச் செய்யிற விசயம்."

தங்கை வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். தண்ணீரை ஊற்றாமல், சிந்தாமல், நிறையவே வைத்தாள். சைக்கிளை எடுத்தாள். போகும்போது என் பக்கம் திரும்பினாள். நான் எட்டு அடி தூரத்தில், மழைமானிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு வசனம் சொன்னால் போதும். நான் குனிந்து மழைமானியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். ஒன்றரை மாதமாக மழை இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

எல்லாரும் மத்தியானம் படுத்திருந்தபோது தடியைப் பிடுங்கினேன். இழுக்கவே தேவையில்லை, தூக்க வந்துவிட்டது. தாருக்குக் கீழே பட்டையில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருந்தன. உள்ளேயிருந்து ஏதோ முட்டிப் பார்த்ததுபோல். தார் எங்கும் வெடிக்கவில்லை. ஏழு புடைப்பு எண்ணினேன். தார் பூசிய இரண்டு அடியை வாளால் அறுத்து எடுத்து, வாவிக்கரையில் குப்பையோடு போட்டு எரித்தேன். கறுப்புப் புகை வந்தது. மிச்ச நாலு அடியை வேலியோரம் சாத்தி வைத்தேன். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் காய்ந்த தடி. யார் கை பட்டுக் காய்ந்தது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த கதை. அந்தக் கதைக்குச் சாட்சியாக நான்தான் தடியை அறுத்து அங்கே வைத்தேன். பூசியது பயத்தில் செய்தது. அறுத்தது யோசித்துச் செய்தது.

தங்கை அதன்பிறகு எங்கள் வளவுக்கு வரவில்லை. கடையில் வேலை என்று மகளுக்குப் போனில் சொன்னாள். மகள் மசக்கையில் கிடந்தாள், அவளுக்கு நடந்தது முழுதாகத் தெரியாது. ஊருக்குத் தெரிந்துவிட்டது. புதுவீட்டுக் குடிபூரலுக்குக் கன்று வாங்குபவர்கள் வேறு இடத்துக்குப் போனார்கள். ஏறாவூர் வியாபாரிக்கு மட்டும் இதெல்லாம் ஒரு பொருட்டில்லை, அவர் வழமைபோல் வந்து வழமைபோல் விலை பேசினார்.

மார்கழி மழைக்குள் ஒருநாள் போய்ப் பார்த்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து போகன்விலாத் தடிகளை வெட்டி வெட்டி வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அவற்றை எடுத்துப் பைகளில் நட்டாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. அத்தனை வருடத்தில் தங்கை தன் தடியை இன்னொருவர் கையால் நடவிட்டதில்லை. சுகமில்லையா என்று கேட்டேன்.

"சுகம்தான். என்ர கை இப்ப சரியில்ல அண்ணன். நட்டதில பாதி பிடிக்கல்ல."

மழைக்கு அழுகியிருக்கும் என்றேன். இருக்கலாம் என்றாள். பிறகு, கன்னிக்காலிலிருந்துதான் இது தொடங்கினது, அந்த மனுசி சொன்னதிலும் ஏதோ இருக்குத்தானே என்று சாதாரணமாகச் சொன்னாள். கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவள் அதை நம்பிவிட்டாள் என்று அப்போது தெரிந்தது. மற்றவர்கள் சொல்வதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நான் அதுவரை என்னைச் சமாதானப்படுத்தி வந்தேன். அன்றும் நான் சொல்லவில்லை. நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைய பக்கத்தில் மழை அளவு மட்டும் இருக்கிறது.

பங்குனியில் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, பேர் வைத்து, நெருங்கிய சனத்துக்குச் சாப்பாடு. யார் யாருக்குச் சொல்வது என்று நான்தான் பட்டியல் எழுதினேன். முதல் வரியில் தங்கை. மனைவி பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் சொன்னாள்: "மச்சாளைப் பின்னேரம் வரச் சொல்லுங்க. சனம் போன பிறகு. சம்பந்தி மனம் சங்கடப்படும்." நான் அடிமட்டத்தை எடுத்து, வரி கோணாமல், தங்கையின் மேல் கோடு போட்டேன். பின்பக்கத்தில் பின்னேரம் என்று எழுதி அதற்குக் கீழே அவளை மட்டும் எழுதினேன்.

சாப்பாட்டுக்கு ஆறு நாள் முன் அந்தச் செய்தியைச் சொல்லத்தான் போனேன். தங்கை கேட்டுவிட்டுச் சரி அண்ணன் என்றாள். உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்து காட்டினாள். பிள்ளைக்கு அவளே தைத்த நாலு சட்டை. பின்னேரம் வர நேரமானாலும் ஆகும், இதை இப்போதே கொண்டுபோங்கள், அன்று காலையில் ஒன்றைப் போட்டுவிடச் சொல்லுங்கள் என்றாள். பையை வாங்கிய கையோடு எனக்கு வாய் திறந்துவிட்டது. துணிவு வந்து சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். சட்டைகளைப் பிடித்துக்கொண்டு அதற்கு மேல் நிற்க ஏலாமல் போனது.

"கன்னிக்காலுக்கு நான் தார் பூசினன்."

அவள் வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். எதிலிருந்து எது வரை என்று கேட்டாள். அடியிலிருந்து மண்மட்டம் வரை என்றேன். வெட்டுவாய்க்குமா என்று கேட்டாள். வெட்டுவாய்க்கும். ஏன் என்று கேட்டாள். கறையான் என்றேன். அவள், என்ர தடிக்கு வந்த மாதிரியா என்றாள். நான் தலையாட்டினேன். அதுதான் அவள் முகத்தில் பட்டது. தார் பூசியதைவிட அது.

"ஐம்பது நாளா நான் செத்த தடிக்குத் தண்ணி ஊத்தியிருக்கன்."

நான் கொப்பியில் அன்றே எழுதினேன், காட்டட்டுமா என்று கேட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் அப்படி ஒரு கேள்வி என் வாயில் வந்தது. அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.

"உங்கட கொப்பி எனக்கு என்னத்துக்கு? நீங்க சொன்னா நான் நம்புவன். அங்க சொல்லுங்க. அந்த மனுசி நிண்ட இடத்தில நிண்டு சொல்லுங்க. மறுகா நான் வாறதா இல்லையா எண்டு பாப்பம்."

பட்டியலின் பின்பக்கத்தை அவளிடம் நான் காட்டவில்லை.

முப்பத்தோராம் நாள் ஐயர் போனதும், இலை போடுவதற்கு முன், சனம் முற்றத்தில் நின்றது. சம்பந்தியம்மா பிள்ளையை மடியில் வைத்திருந்தா. பிள்ளைக்குத் தங்கை தைத்த மஞ்சள் சட்டை. இது நல்லாயிரிக்கே, ஆர் வாங்கினது என்று அவ கேட்டது எனக்கு உதவியாகப் போயிற்று. தங்கச்சி தைத்தது என்றேன். நான் கொப்பியைக் கையில் வைத்திருந்தேன். தேவையில்லை என்று தங்கை சொல்லியும் எடுத்துப் போயிருந்தேன், அது இல்லாமல் எனக்குப் பேச வராது. அந்தப் பக்கத்தைத் திறந்து, மண்மட்டம் வரை என்பது வரையில் வாசித்தேன். பிறகு, தடி வேர்விடாததற்கு இதுதான் காரணம், தண்ணீர் ஊற்றியவள் காரணமில்லை, பிடுங்கி எரித்ததும் நான்தான் என்றேன். அலுவலகத்தில் அறிக்கை வாசிப்பதுபோல் இருந்தது என்று மருமகன் பிறகு சொன்னான்.

சனத்தில் யாரோ சிரித்தார்கள். முருக்கந் தடிக்குத் தாராம் என்று ஒரு குரல் வந்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பட வேண்டியதுதான், பட்டது. சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டா:

"இதை நீங்க அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணன். நான் அந்தப் பிள்ளையை அப்படிச் சொல்லிப் போட்டனே."

நான் கொப்பியை மூடினேன். மனைவி என்னைப் பார்க்காமல் குசினிக்குள் போனாள். மகள் எழுந்து வந்து, சம்பந்தியம்மாவின் மடியிலிருந்த பிள்ளையை வாங்கி, துவாயால் சுற்றினாள். எங்கே போகிறாய் என்று தாய் உள்ளேயிருந்து கேட்டாள். மகள் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "என்னை வளர்த்தவட்ட." புருசனின் மோட்டார் சைக்கிளில் ஏறினாள். முதல் வெளிப் பயணம் கோயிலுக்குத்தான் என்று சொல்ல யாரோ வாயெடுத்தார்கள். சம்பந்தியம்மா கையைக் காட்டி நிறுத்தினா. இலைகளைப் போட்டுவிட்டு எல்லாரும் காத்திருந்தோம். சோறு ஆறிப்போனது. ஒரு மணித்தியாலம் ஐந்து நிமிடம்.

தங்கை அவர்களோடு வரவில்லை. பிள்ளையை வைத்திருந்தாளாம். திரும்பும்போது மருமகனின் கையில் ஒரு முருக்கந் தடி இருந்தது. அடி சாய்வாக வெட்டி, வாய் காய்ந்த தடி. ஐந்து நாளாவது நிழலில் கிடந்திருக்க வேண்டும். அப்படியானால் நான் போய்ச் சொன்ன அன்றோ மறுநாளோ அவள் அதை வெட்டியிருக்கிறாள். மகள் சொன்ன செய்தி இவ்வளவுதான்: பழைய குழியில் வைக்க வேண்டாம், தண்ணீரை அப்பா ஊற்றட்டும், வேர் வந்ததும் மாமி வந்து பார்ப்பா.

பழைய குழிக்கு நாலு அடி தள்ளிப் புதுக் குழி தோண்டினேன். தடியில் ஒன்றும் பூசவில்லை. இப்போது தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு வாளி ஊற்றுகிறேன். எங்கள் தெருவால் போகும் பெண்கள் வேலிக்கு மேலால் பார்த்து, தார் எங்க கா, தகரம் வேணுமா கா என்று ஒருத்தியிடம் ஒருத்தி கேட்பதுபோல் எனக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டு போவார்கள். சம்பந்தியம்மா ஒருநாள் பஸ்ஸில் வந்து தங்கையின் கடைக்குப் போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனதாகக் கேள்வி. என்ன கதைத்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மனைவி என்னோடு தேவையானதை மட்டும் கதைக்கிறாள். தங்கையின் கடையில் பக்கத்து வீட்டுப் பெண் இன்னும் தடி நடுகிறாளா என்று பார்க்க இரண்டு தரம் அந்தப் பக்கம் போனேன். இரண்டு தரமும் நிற்காமல் வந்துவிட்டேன்.

வேர் வந்ததா என்று எனக்குத் தெரியாது. இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தேன். அசைவது தடியா என் கையா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்குத்தான் அது தெரியும். வேர் வந்தால்தான் அவள் வருவாள். அவள் வந்தால்தான் வேரைப் பற்றி எனக்குத் தெரியும். பிடுங்கிப் பார்க்க மாட்டேன்.

இன்று முப்பத்து மூன்றாம் நாள். மழை இல்லை. கிணற்றில் நாலு முழம். தடியில் இலை பதினேழு. முந்திய கொப்பியில் இலைக்குப் பக்கத்தில் நல்லது என்று எழுதியிருக்கிறேன். இன்று அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.